ஒரு தொழிலாளியை வேலைக்கு எடுக்க சிங்கப்பூர் முதலாளிக்கு எவ்வளவு செலவு தெரியுமா?

'சிங்கப்பூர்ல கட்டட வேலை, ஓ.டி தனி, உடனே பாஸ்' - இப்படி ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்டு உங்க போனுக்கும் வந்திருக்கும். அதில் சம்பளம் இருக்கும். முதலாளிக்கு ஆகும் செலவு இருக்காது. ஆனால், அங்கே போனவர்கள் புலம்பும் பாதி விஷயங்களுக்கு விடை அந்தச் செலவுக் கணக்கில்தான் இருக்கு.

முதலில், லெவி. வெளிநாட்டுத் தொழிலாளரை வைத்திருப்பதற்காக முதலாளி மாதாமாதம் அரசுக்குக் கட்டும் பணம் இது. 2024 ஜனவரியிலிருந்து கட்டுமானத் துறையில், இந்தியாவிலிருந்து போகும் அடிப்படைத் திறன் தொழிலாளி ஒருவருக்கு மாதம் 900 டாலர் (இங்கே சொல்றதெல்லாம் சிங்கப்பூர் டாலர்). புதுசா போகும் பலருக்கு அடிப்படைச் சம்பளமே இதைவிடக் குறைவு! இதைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. மழையில் சைட் நின்றாலும் லெவி மீட்டர் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

அடுத்தது, ஆள் கணக்கு. முன்பு ஓர் உள்ளூர் ஊழியருக்கு ஏழு வெளிநாட்டுத் தொழிலாளர்களை வைத்துக்கொள்ளலாம். இப்போ ஐந்து பேர்தான். 50 பேரை எடுக்கணும்னா சம்பளப் பட்டியலில் 10 உள்ளூர்க்காரர்கள் வேணும். வெயிலில் கம்பி கட்ட உள்ளூரில் யார் வர்றாங்க? சின்ன கான்ட்ராக்டர்கள் திணறுவது இங்கேதான்.

இதோடு, தலைக்கு 5,000 டாலர் உத்தரவாதத் தொகை. ஆள் காணாமல் போனால் அதற்கே ஆபத்து. சிலர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வெச்சுக்க இந்தப் பயமும் ஒரு காரணம். பயம் புரியுது, ஆனா அது சட்டப்படி தப்பு. மருத்துவக் காப்பீடும் 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 டாலருக்கு இருக்கணும். கொரோனா காலத்தில், 2020 முடிவதற்குள் டார்மிட்டரிகளில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தொற்று வந்துபோனது. அதன்பிறகு, ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாதுன்னு புது விதி வந்தது. பழைய டார்மிட்டரிகளும் 2030-க்குள் மாறணும். படுக்கை வாடகையும் ஏறிடுச்சு.

இதெல்லாம் பணத்தோட போச்சு. நிஜமான தலைவலி, ஆளைத் தக்கவைப்பது. அடிப்படைத் திறன் தொழிலாளி உயர்திறன் தகுதி பெற்றால் லெவி 500 டாலராகக் குறையும். வருஷத்துக்கு 4,800 டாலர் மிச்சம். அப்போ எல்லோரையும் பயிற்சிக்கு அனுப்பலாமே? அங்கேதான் தயக்கம். பெர்மிட் முடிய 40 முதல் 21 நாள்கள் இருக்கும்போது, கட்டுமானத் தொழிலாளி முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். 'நான் கத்துக்கொடுக்கணும், பலன் பக்கத்து கம்பெனிக்கா?' என்பது முதலாளியின் கேள்வி.

தொழிலாளி ஏன் ஓடுகிறார்? ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடன். சிங்கப்பூர் ஏஜென்ட் தொழிலாளியிடம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். வேலை கொடுப்பதற்காக முதலாளி பணம் வாங்குவது குற்றம். ஆனால் இங்கே, நம்ம ஊரில் வசூலாகும் லட்சங்களுக்கு அந்தச் சட்டம் எட்டாது. வட்டி ஏறும்போது நாளைக்கு இரண்டு டாலர் கூடுதலா கிடைச்சாலும் ஆள் மாறத்தான் செய்வார். ஓ.டி-யை மறுக்க மாட்டார், லேசான காயத்தைச் சொல்லவும் மாட்டார். அப்படி மறைத்தது பெரிய விபத்தில் முடிந்தால் நஷ்டம் கம்பெனிக்கும்தான். 2022 செப்டம்பர் முதல் 2023 மே வரை, கடுமையான பாதுகாப்புக் குறைபாட்டுக்கு மூன்று மாதம் வரை புது வெளிநாட்டு ஆளே எடுக்க முடியாதபடி தடை விதிக்கும் நிலை இருந்தது.

2025 ஜூலையிலிருந்து, ஒருவர் இத்தனை வருஷம்தான் வேலை பார்க்கலாம் என்ற உச்சவரம்பு போய்விட்டது. 63 வயது வரை வைத்துக்கொள்ளலாம். அதனால் அனுபவசாலிகளுக்கு மவுசு கூடியிருக்கு. நீங்க கிளம்பும் ஐடியாவில் இருந்தால் ஐ.பி.ஏ கடிதத்தை முழுசா படிங்க. அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். உங்க எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அந்தச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. கூடவே, 'உயர்திறன் தகுதிக்கு எப்போ அனுப்புவீங்க?' என்றும் கேட்டுவைங்க. லெவி மிச்சமாகும் கேள்வி என்பதால், கணக்கு தெரிந்த முதலாளி கோபப்பட மாட்டார்.