பணிப்பெண் வரியும் நம் கடமையும்

ஓர் அரசு எதனை ஆடம்பரமாகவும் எதனை அவசியமாகவும் கருதிற்று என்பதை அது விதித்த வரிகளைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். நிலத்தின்மேல் வரி, உப்பின்மேல் வரி, சாளரத்தின்மேல் வரி என்பன பலரும் கேள்வியுற்றவையே. வீட்டில் ஒரு வேலைக்காரப் பெண்ணை வைத்திருந்தமைக்காகக் குடும்பங்கள் வரியிறுத்த காலமும் உண்டு. இறம்பொடையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து பெண்மக்கள் பிறர் வீட்டு அடுக்களைகளை நாடிச் செல்வதைக் காணும் நமக்கு அவ்வரலாறு வெறும் வேடிக்கைச் செய்தி அன்று.

1777 ஆம் ஆண்டில், அமெரிக்கப் போரினால் நேர்ந்த செலவை ஈடுசெய்யும் பொருட்டு, இங்கிலாந்தின் பிரதமர் நோத் பிரபு ஆண் பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு கினி வரி விதித்தார். 1785 இல் வில்லியம் பிற் அவ்வரியைப் பணிப்பெண்கள் மீதும் நீட்டினார். ஒருத்தியை வைத்திருப்போர் 2 சிலிங் 6 பென்சும், இருவரை வைத்திருப்போர் தலைக்கு 5 சிலிங்கும், மூவரையோ அதற்கு மேற்பட்டோரையோ வைத்திருப்போர் தலைக்கு 10 சிலிங்கும் ஆண்டுதோறும் இறுத்தல் வேண்டும். மணமாகாத ஆடவர் இருமடங்கு செலுத்த வேண்டும். சிறுவர் உள்ள குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. சாளரம், குதிரை, வண்டி என்பவற்றோடு ஒரே வரிசையில் பணிப்பெண்ணும் எண்ணப்பட்டாள்.

பகட்டுடை அணிந்து வாயிலில் நிற்கும் ஆண் ஏவலாளன் செல்வர் மாளிகையின் அணிகலன். அவன்மேல் வரி விதித்தது ஒருவாறு பொருந்தும். பணிப்பெண்ணோ நடுத்தரக் குடும்பத்தின் வலக்கை. அவள்மேல் விழுந்த வரி சிறிய வீடுகளையே வருத்தும் என்றும், அவ்வீடுகள் அவளை நீக்கிவிடின் அவள் தெருவில் நிற்க நேரும் என்றும் கண்டனம் எழுந்தது. ஏழே ஆண்டுகளில், 1792 இல், எளியோரை அழுத்தும் வரிகளுள் இதுவும் ஒன்றெனக் கண்டு பிற் தாமே அதனை நீக்கினார். ஆண் பணியாளர் வரி 1937 வரை நிலைத்தது.

நம் நாட்டையும் அதே அரசு ஆண்டது. 1848 இல் டொரிங்டன் பிரபு துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். கண்டியிலும் மாத்தளையிலும் கிளர்ச்சி மூண்டது. வீட்டுப் பணியாளர் விடயத்திலோ 1871 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அது வரி கேட்கவில்லை. பணியாளரைப் பதிவு செய்யச் சொல்லிற்று. எங்கு வேலை செய்தார், ஏன் நீங்கினார், நடத்தை எத்தகையது என்பன பதியப்பட வேண்டியிருந்தன. எசமானரின் அச்சத்தைப் போக்க எழுந்த பதிவு அது. பணியாளரின் கூலியைக் காக்க எழுந்தது அன்று.

பணிப்பெண் வரி உலகினின்றும் அகன்றுவிடவுமில்லை. இலங்கைப் பெண்களும் பணிக்குச் செல்லும் சிங்கப்பூரில் 1984 இல் வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கென மாதந்தோறும் 120 வெள்ளி தீர்வை விதிக்கப்பட்டது. 2019 ஏப்ரல் முதல் முதற் பணிப்பெண்ணுக்கு அது 300 வெள்ளி எனவும், சிறுவரும் முதியோரும் உள்ள இல்லங்களுக்கு 60 வெள்ளி எனவும் வகுக்கப்பட்டது. பிற் காட்டிய சலுகையின் சாயல் இதிலும் உண்டு. வீட்டார் செலுத்தும் அப்பணம் அரசின் கருவூலத்தை அடையுமேயன்றி அடுப்படியில் நிற்பவளின் கையை அடைவதில்லை.

இனி நம் வாயிலுக்கு வருவோம். கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஊழியர் சேமலாப நிதியில் ஓர் இலக்கம் உண்டு. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அந்நிதிக்கு இன்று தொழில்கொள்வோர் சம்பளத்தில் நூற்றுக்கு 12 பங்கும் தொழிலாளர் 8 பங்கும் செலுத்துகின்றனர். அவள் மகள் நகரத்து வீடொன்றிற் பணிக்கு அமர்ந்தாலோ, வீட்டுப்பணி அந்நிதியின் வரம்புக்குப் புறம்பானது. 2016 இல் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் இயற்றப்பட்டபோதும் வீட்டுப் பணியாளர் அதனுள் அடங்கவில்லை. 2021 ஜூலையில் கொழும்பில் ஒரு வீட்டிற் பணிசெய்த 16 வயது மலையகச் சிறுமி தீக்காயங்களால் மாண்டபோது நாடே திகைத்தது. அவ்வாண்டில் வேலைக்கு அமர்த்தும் வயதெல்லை 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. நல்லதே, ஆயின் மூடிய கதவுக்குப் பின்னே யார் இருக்கின்றார் என்பதை அறியாத சட்டம் யாருடைய வயதைப் பார்க்கும்?

ஆசிரியராகிய நாம் வகுப்பு இடாப்பிலிருந்து பெண்பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக நீங்குவதைக் காண்பவர்கள். இங்கே நீங்கும் பெயர் வேறெந்த இடாப்பிலும் ஏறுவதில்லை என்பதே நம் மனக்குறை. வரி தண்டுவதற்காக ஓர் அரசு அன்று பணிப்பெண்களை வீடு வீடாக எண்ண முடிந்தது எனின், அவர்களுடைய உரிமைக்காக எண்ணுதல் எங்ஙனம் இயலாததாகும்?

ஆதலின் நம் கருத்து இது. பணிப்பெண்ணை வைத்திருக்கும் வீடு ஒரு தொகை செலுத்துதல் தகும். அத்தொகை அரசின் வருமானமாகாது அவள் பெயரிலேயே சேர்தல் வேண்டும். சேமலாப நிதியின் கதவை வீட்டுப்பணிக்கும் திறத்தல் வேண்டும். பிரதேச செயலகத்தில் அவள் பெயரும் வயதும் சம்பளமும் பதியப்படல் வேண்டும். வாரத்தில் ஒருநாள் ஓய்வும், தாயோடு தடையின்றிப் பேசும் உரிமையும் எழுத்தில் அமைதல் வேண்டும்.

இங்ஙனம் செய்யின் வீட்டார் அவளை நீக்கிவிடுவர், இங்கிலாந்திற் கூறியது இங்கும் நிகழும் என்பர் சிலர். இவ்வச்சத்தை நாம் இகழவில்லை. நலிந்த குடும்பங்கள் சில அவ்வாறு செய்தலும் கூடும். எனினும் பிற்றின் வரி கூலிக்குப் புறம்பான சுமை. நாம் கூறுவதோ கூலியின் ஒரு பகுதி. இன்றைய ஊதியத்துக்கு ஏற்பச் சிறு பங்கில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தலாம். ஆயுள் முழுதும் பிறர் வீட்டில் உழைத்து முதுமையில் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பும் பெண்ணிடம், உனக்கு வேலையேனும் கிடைத்ததே எனச் சொல்வது குதிரை தள்ளியதோடு குழியும் பறித்த கதையாகும்.

இக்கல்லூரியிற் பயின்ற பழைய மாணவர் பலர் இன்று கண்டியிலும் கொழும்பிலும் கடல் கடந்த நகரங்களிலும் நல்ல நிலையில் வாழ்கின்றனர். தாய்மார் கொழுந்துக் கூடை சுமந்து படிப்பித்த பிள்ளைகள் அவருள் மிகப்பலர். அவர்தம் இல்லங்களிலும் மலையகத்துப் பெண்கள் பணி செய்தல் கூடும். சட்டம் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. அவள் பெயரில் இம்மாதமே வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, அவள் சம்பளத்திற் குறையாமல் உங்கள் பங்கை அதில் இடுங்கள்; புத்தகத்தை அவள் கையிலேயே கொடுங்கள். பள்ளி வயதினளாயின் அவளை வகுப்புக்கே திருப்பி அனுப்புங்கள். அவள் பெயரை எழுத நம் இடாப்பில் எப்பொழுதும் இடம் உண்டு.