அரணைக் காப்பவர் யார்?

மைசூரு நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், காவிரி சூழ்ந்த தீவில் ஸ்ரீரங்கப்பட்டணம் என்னும் பழைய நகரம் அமைந்துள்ளது. அங்குள்ள கோட்டையை 1454இல் திம்மண்ண நாயக்கர் எழுப்பினார். 1610இல் அது மைசூரு உடையார்களின் வசமாயிற்று. பின்னர் ஐதர் அலியும் திப்பு சுல்தானும் அதனை வலுப்படுத்தினர்.

கோட்டை மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் பகுதி கொத்தளம் எனப்படும். அதன்மேல் பீரங்கிகளை நிறுத்தினால், மதிலை நெருங்கும் பகைவரைப் பக்கவாட்டிலிருந்து தாக்க இயலும். கொத்தளம், மதில், அகழி ஆகியவற்றோடு ஆறும் இக்கோட்டைக்கு அரணாக விளங்கியது. ஆயினும், 1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது. கோடையில் காவிரியில் நீர் குறைந்திருந்தது. பீரங்கிகள் மதிலைப் பிளக்க, ஆங்கிலேயப் படை ஆற்றைக் கடந்து உள்ளே புகுந்தது.

‘இது கன்னட நாட்டு வரலாறு, இதனோடு தமிழருக்கு என்ன தொடர்பு?’ என்று இங்குக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பொருந்தாது. காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780இல் பிடிபட்ட ஆங்கிலேயத் தளபதி கர்னல் பெய்லி, 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலேயே இறந்தார். அவர் பெயரால் வழங்கும் நிலவறையை இன்றும் காணலாம். இக்கோட்டையைத் தழுவிச் செல்லும் காவிரியே திருவரங்கத்தையும் அடைகிறது. இரண்டு ஊர்களிலும் அரங்கநாதர் கோயில் கொண்டுள்ளார். சொந்த ஊர் வேறு என்பதால், வாழும் ஊர் அயலூர் ஆகிவிடாது.

கோட்டையைக் கட்டியவர் ஒருவர்; கைப்பற்றியவர் மற்றொருவர்; வலுப்படுத்தியவர் வேறொருவர். இன்று அதனைக் காக்கும் பொறுப்பு, காண வருவோர் அனைவருக்கும் உண்டு. பீரங்கிக் குண்டுகளுக்குத் தப்பிய கல்லில் ஆணியால் பெயர் கீறுவோர் உளர். அகழியில் குப்பையை எறிவோரும் உளர். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சிதைப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். எனினும், தண்டனைக்கு அஞ்சிக் காப்பதைவிட, தம்முடையது என்று உணர்ந்து காப்பதே சிறந்தது.

திருக்குறளில் ‘அரண்’ என்பது 75ஆம் அதிகாரம். எத்தனை சிறப்புகள் இருப்பினும், செயல்திறம் உடையோர் இல்லையெனில் அரண் இருந்தும் பயனில்லை என்று வள்ளுவர் அதனை நிறைவு செய்கிறார். போர்கள் ஓய்ந்த பின்னும் அக்கருத்து பொருந்துகிறது. கொத்தளத்தின் மீது ஏறிக் காவிரியைக் காணும் ஒவ்வொரு மாணவரும், தம் பெயரை அங்கு எழுதாமல் திரும்புவாராயின், அவரும் அக்கோட்டையின் காவலரே ஆவார்.