பெயர் ஏமாற்றும், உருகுநிலை ஏமாற்றாது!



வெள்ளீயம் 232 டிகிரி, காரீயம் 327 டிகிரி. மனப்பாடம் செய்கிறோம், இரண்டு மார்க் வாங்குகிறோம், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் அப்பா மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றிப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர். பள்ளிக்கூடம் போகாதவர். பாத்திரத்தைச் சுடவைத்து, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தேய்த்துப் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தால் வெள்ளி மாதிரி மின்னும். அங்கே கடைகளில் விற்கும் ஈயச் சொம்பும் அதே வெள்ளீயம்தான். ரசம் கொதிக்கும், சொம்பு உருகாது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். ரசம் வற்றினால் சொம்பும் போச்சு!

போன வருடம் அப்பா மலிவாக ஒரு ஈயக்கட்டி வாங்கி வந்தார். "சீக்கிரமா உருகுதுடா, கரி மிச்சம்" என்று சந்தோஷப்பட்டார். எனக்குச் சுரீர் என்றது. நம் லேபில் சால்டரிங் செய்யும் கம்பியில் வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு. அது 183 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டும் தனித்தனியே உருகும் சூட்டைவிடக் குறைவு!

தமிழில் இரண்டுக்கும் ஈயம் என்றே பெயர். ஒன்று சமையலுக்கு ஆகும், மற்றது விஷம். புளிப்பு பட்டால் கரையும், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். மின்னணுச் சாதனங்களில்கூட காரீயத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே கட்டுப்படுத்திவிட்டது. நாமோ அதில் ரசம் வைப்பதா?

அப்பாவிடம் சொன்னேன். கட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ இதுவரைக்கும் பூசினதெல்லாம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஆனாலும் வாயடைத்து நின்றேன்.

என் கருத்து இதுதான். மாதம் ஒரு சனிக்கிழமை நம் லேபை ஈயம் பூசுபவர்களுக்கும் பாத்திரக்காரர்களுக்கும் திறந்துவிட வேண்டும். 360 டிகிரி காட்டும் ஒரு தெர்மாமீட்டர் போதும். கட்டியை உருக்கி, ஆறவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டைக் குறிப்போம். சுத்தமான வெள்ளீயம் 232-ல் நின்று அங்கேயே உறையும். காரீயம் தாராளமாகக் கலந்திருந்தால் 183 வரை இறங்கி அங்கே நிற்கும். கடைக்காரர் என்ன பெயர் சொல்லி விற்றாலும் சரி, குட்டு வெளிப்பட்டுவிடும்.

யூனியன் இதைக் கையில் எடுக்குமா? அப்பாவின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்களும் கை கொடுங்கள், தோழர்களே!