பிள்ளைக்கு ஒரு பல் போகுமா?

ஹென்ரியட்டா, விக்டோரியா தோட்டங்களை விட்டுப் பாடாங் செராய் தாமான்களுக்குக் குடிவந்த பிறகும் சில பேச்சுகள் நம்மை விட்டுப் போகவில்லை. "பிள்ளைக்கு ஒரு பல்லு போகத்தாண்டி செய்யும். வயித்துல உள்ளது சுண்ணாம்புச் சத்தை இழுத்துக்கும்" என்பது அதில் ஒன்று. அன்போடு சொல்லப்படுவதுதான். ஆனால் அதை நம்பித்தான் எத்தனையோ பெண்கள் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லை இழந்திருக்கிறார்கள்.

வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து கால்சியம் எடுப்பதில்லை. எடுக்க வழியும் இல்லை. பிள்ளைக்கு வேண்டியது தாயின் சாப்பாட்டிலிருந்து போகிறது; அதற்காகவே கர்ப்ப காலத்தில் குடல் ஏறக்குறைய இரு மடங்கு கால்சியத்தை உறிஞ்சுகிறது. அதுவும் போதாவிட்டால் எலும்பிலிருந்து போகும்.

பிறகு பல் ஏன் கெடுகிறது? மசக்கை வாந்தியில் வரும் அமிலம் பல்லின் மேற்பூச்சை இளக்குகிறது. வாய்க்கசப்புக்கு ஜெருக், அசாம் போய் போன்ற புளிப்புத் தின்பண்டங்கள். நடுராத்திரிப் பசிக்குச் சீனி போட்ட மைலோ. பிரஷை வாயில் வைத்தாலே குமட்டுவதால் பல் துலக்குவதும் குறைகிறது. வாந்தி எடுத்த கையோடு பல் தேய்க்கக் கூடாது, இளகிய பூச்சு தேய்ந்துவிடும். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சோடா மாவு கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரமாவது கழித்து, சின்னத் தலையுள்ள மென்மையான பிரஷால் துலக்கலாம்.

"ஈறுல ரத்தம் வருது, பிரஷைத் தொடாதே" என்பதும் தவறு. ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சின்ன அழுக்குக்கும் வீங்குகிறது. இரண்டாம் மாதம் தொடங்கி எட்டாம் மாதம் வரை கூடலாம். துலக்காவிட்டால் அழுக்குச் சேர்ந்து ரத்தம் இன்னும் அதிகமாகும்.

எனக்கு அதிகக் கவலை தருவது அடுத்த பேச்சு: "மாசமா இருக்கிறப்ப பல்லுக்கு ஊசி போட்டா பிள்ளைக்கு ஆகாது." பல் டாக்டர் மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்ன் ஊசி கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானது. அவசியமானால் எக்ஸ்ரேயும் எடுக்கலாம். நான்கிலிருந்து ஆறாம் மாதம் வரை சிகிச்சைக்கு வசதியான காலம். சீழ் கட்டினால் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது. ஊசிக்குப் பயந்து வீட்டில் இருக்கும் பெண் என்ன செய்கிறாள்? கன்னம் வீங்க வீங்க, கைக்குக் கிடைத்த போன்ஸ்தான் வலி மாத்திரையை விழுங்குகிறாள். ஆபத்து அங்கேதான். போன்ஸ்தான், இபுபுரோஃபென் வகை மாத்திரைகளை 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கும்படி அமெரிக்க மருந்து ஆணையம் 2020இல் எச்சரித்தது. பிள்ளையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையலாம். டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தோ பிள்ளையின் பல்லையே கறையாக்கும்.

ஈறு வைத்தியம் செய்தால் குறைப்பிரசவம் வராது என்று சிலர் மறுபக்கம் மிகைப்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில் குறைப்பிரசவம் குறையவில்லை. ஆனால் ஈறு தேறியது. சிகிச்சையால் பிள்ளைக்குக் கேடு எதுவும் வரவில்லை. நமக்கு வேண்டிய பதில் அதுதான்.

அடுத்த முறை கிளினிக்கில் கர்ப்பப் பதிவுக்கான பிங்க் புத்தகத்தை நீட்டும்போதே, "மிஸ்ஸி, பல்லையும் காட்டணும்" என்று கேளுங்கள். பல் நாற்காலியில் உட்காரும்முன் எத்தனையாவது மாதம், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். வயிறு பெரிதாகியிருந்தால் மல்லாந்து படுக்காமல், வலது இடுப்புக்கு அடியில் ஒரு தலையணை வைக்கச் சொல்லி இடப்பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள்.