பழைய ஔஷதங்களும் அரிய மூளைநோய்களும்

நமது கலாசாலையிற் பிராணி சாஸ்திரம் கற்கும் மாணாக்கர் அனைவரும் முதலாண்டிலேயே பூதக்கண்ணாடியின்கீழ் நோக்கி வரையும் உயிர் அமீபா என்பது. ஓரணுவே உடலாய், காலின்றி ஊர்ந்து, வாயின்றி உண்ணும் அச்சிற்றுயிரை வரைந்து மதிப்பெண் பெற்றபின் அதனை நாம் மறந்துவிடுகின்றோம். அமீபா என்னும் பெயரால் வழங்கும் உயிர்களுட் சில மனித மூளையைத் தின்று அழிக்க வல்லன என்பதை நம்மிற் பலர் அறிந்தது, 2024-ஆம் ஆண்டிற் கேரள நாட்டிலே சிறார் சிலர் அந்நோயால் மாண்ட செய்தி வெளிவந்த பின்னரேயாம்.

அவ்வுயிர்களுள் இரண்டனைப்பற்றி மட்டும் ஈண்டுக் கூறுவோம். ஒன்று நெக்ளேரியா பௌளேரி என்பது. 1965-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் இந்நோயை விவரித்த பௌளர் என்னும் வைத்தியரின் பெயர் அதற்கு இடப்பட்டது. வெதுவெதுப்பான குளங்களிலும் தேங்கிய நன்னீரிலும் இது வாழும். அந்நீரைக் குடிப்பதனால் இந்நோய் வருவதில்லை. நீர் மூக்கினுட் புகும்போதே மணமறியும் நரம்பின் வழியாக இது மூளையை அடைகின்றது. பின்னர்ச் சில நாட்களிலேயே பெரும்பாலும் மரணம் நேர்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1962 முதல் 2023 வரை இந்நோய் கண்டவர் 164 பேர், பிழைத்தவர் நால்வரே. மற்றொன்று பாலமூத்தியா மாண்ட்ரில்லாரிஸ் என்பது. 1986-இல் ஸான் டியேகோ நகரத்து மிருகக்காட்சிச் சாலையைச் சார்ந்த மாண்ட்ரில் என்னும் குரங்கொன்றின் மூளையில் இது முதன்முதற் காணப்பட்டது. மண்ணிலும் புழுதியிலும் வாழ்ந்து, புண்வழியாகவோ சுவாசத்தின் வழியாகவோ உட்புகுந்து, மெல்ல மெல்ல மூளையை அரிக்கும். இதன் வாய்ப்பட்டோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர்.

இத்தகைய கொடிய நோய்க்குப் புதிய ஔஷதம் ஒன்றை ஏன் ஒருவரும் ஆக்கவில்லை என்று வினவலாம். அறுபத்திரண்டு ஆண்டுகளில் 164 நோயாளரென்றால், அப்பெருந்தேசத்தில் ஆண்டொன்றுக்கு மூவர்கூட இல்லை. புதுமருந்து ஒன்றை ஆக்கிச் சோதித்து அங்காடிக்குக் கொணரப் பல்லாண்டு உழைப்பும் பெரும்பொருளும் வேண்டும். ஆண்டுக்கு மூவர் வாங்கும் சரக்கை எந்த வியாபாரி செய்வான்? வியாபாரியைப் பழித்துப் பயனில்லை. பழித்தலால் ஒரு மாத்திரையும் உண்டாகாது. ஆகவே, வேறு நோய்க்கென ஏற்கெனவே ஆக்கப்பட்டு, மனிதருக்குக் கொடுக்கத்தக்கதெனத் தேறிய மருந்துகளுள் இவ்வமீபாவைக் கொல்லவல்லது யாதெனத் தேடுதலே தக்க வழியென்பது நமது கருத்து.

இவ்வழி வெறுங் கனவன்று. மில்ட்டெபோஸின் என்னும் மருந்தின் சரித்திரத்தை நோக்குக. ஜெர்மனியிலே கெட்டிங்கன் நகரில் அது புற்றுநோய்க்கென ஆராயப்பட்டது. வயிற்றை மிகவும் வருத்தியமையால் அந்நோக்கத்திற்கு உள்ளே கொடுக்கத்தக்கதாகத் தேறவில்லை. பின்னர் அது கருங்காய்ச்சல் எனப்படும் காலா அஸார் நோய்க்கிருமியை அழிப்பது அறியப்பட்டது. பீஹார் நாட்டு ஏழை நோயாளர் 299 பேருக்கு அதனைக் கொடுத்துப் பார்த்ததில் நூற்றுக்கு 94 பேர் குணமாயினர் என்பது 2002-இல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே நமது தேசத்தில் அதற்கு அனுமதியும் கிடைத்தது. அதே மருந்து ஆய்வுச்சாலையில் இவ்வமீபாக்களையும் கொல்லக் கண்டனர். 2013-இல் அமெரிக்காவில் ஆர்க்கன்ஸா நாட்டுச் சிறுமி ஒருத்திக்கு, நெக்ளேரியா நோய் விரைவிற் கண்டறியப்பட்டு, ஏனைய மருந்துகளோடு இதுவும் கொடுக்கப்பட்டது. அவள் முற்றும் தேறிப் பள்ளிக்கும் திரும்பினாள்.

இதனினும் வியப்புடையது நைட்ராக்ஸோலினின் வரலாறு. ஐரோப்பாவிற் பல்லாண்டுகளாகச் சிறுநீர்த்தாரை நோய்க்கு வழங்கும் எளிய மருந்து அது; அமெரிக்காவிலோ அனுமதி பெறாதது. ஸான் பிரான்ஸிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையார் வைத்தியத்தில் வழங்கும் 2,177 மருந்துகளை ஒவ்வொன்றாகப் பாலமூத்தியாவின்மேற் சோதித்தனர். பெயர் பெற்ற மருந்துகள் பலவற்றினும் இம்மருந்தே குறைந்த அளவில் அதனைக் கொன்று, மனித அணுக்களுக்கு அதிகத் தீங்கு செய்யாது நின்றது. 2018-இல் இது பிரசுரமாயிற்று. அக்காலத்தில் அதனைப் படித்தவர் எத்தனை பேரோ! மூன்றாண்டு சென்று, அதே சர்வகலாசாலையின் ஆஸ்பத்திரியில் பாலமூத்தியா நோயாளர் ஒருவர் கிடந்தார். விதித்த மருந்துகள் யாவும் கொடுத்தும் நோய் தணியவில்லை. அவற்றின் கடுமையாலும் அவர் உடல் நலிந்தது. அவருடைய வைத்தியர் நூல்களைத் துருவியபொழுது இவ்வாராய்ச்சி கண்ணிற்பட்டது. அரசாங்கத்தாரின் விசேஷ அனுமதி பெற்று மருந்து அயல்நாட்டிலிருந்து வந்தது. கொடுத்த ஒரு வாரத்திற்குள் மூளையிலிருந்த புண்கள் சுருங்கலாயின. அவர் பிழைத்து வீடு சென்றார். 2023-இல் இச்செய்தி வெளியாயிற்று.

ஒருவர் பிழைத்தமையால் மருந்து பலித்ததெனத் துணியலாமோ என்று அறிவுடையோர் தடை எழுப்புவர். அத்தடை நேரியதே. பிழைத்தவர் யாவரும் பல மருந்துகளை ஒருங்கே உண்டவர். ஆர்க்கன்ஸாச் சிறுமியின் உடலை வைத்தியர் குளிர்விக்கவும் செய்தனர். மில்ட்டெபோஸின் உண்டும் இறந்தோர் உளர். அன்றியும், கண்ணாடிக் கிண்ணத்தில் அமீபாவைக் கொல்லும் மருந்து மூளையைச் சூழ்ந்த இயற்கை மதிலைக் கடந்து உள்ளே செல்லாமலும் போகலாம். எனினும், நூறு நோயாளரைக் கூட்டி இருபாலாகப் பிரித்துப் பரீட்சித்த பின்னரே கொடுப்போம் என்று காத்திருப்பது, இந்நோயில் ஒருநாளும் கொடோம் என்பதற்கே ஒப்பாகும். நூறு பேர் சேர்வதற்கு ஒரு தலைமுறை செல்லும். ஆகையால் நோயாளர் ஒவ்வொருவரின் செய்தியும், பிழைத்தாலும் இறந்தாலும், மறையாது எழுதப்பட்டு வெளிவரல் வேண்டும். வெற்றியை மட்டும் அச்சிட்டுத் தோல்வியைப் பெட்டியிற் பூட்டும் வழக்கம் இவ்விஷயத்திற் பெருங்கேடு விளைக்கும்.

இது நிற்க. கேரளத்துச் செய்திக்கு மீள்வோம். 2024-இற் கோழிக்கோட்டுப் பக்கத்துச் சிறுவன் ஒருவன், நோய் விரைவில் அறியப்பட்டு, மில்ட்டெபோஸினும் பிற மருந்துகளும் பெற்றுப் பிழைத்தான். ஆயின் அவ்வாண்டில் அம்மருந்து ஜெர்மனியிலிருந்து கேரளத்திற்கு வருவிக்கப்பட்டது. பீஹாரிலே சோதித்து 2002-இலேயே அனுமதி தந்த தேசம் நம்முடையது என்பதை நினைக்குந்தோறும் நாணுகின்றோம். 2025-லும் அந்நாட்டில் இந்நோய் பலரைப் பற்றியது. கோயமுத்தூரும் கன்னியாகுமரியும் கேரளத்தை அடுத்துள்ளவை; அங்கும் சிறுவர் குளத்திற் குதித்தே நீராடுகின்றனர்.

இதனைப் படிக்கும் பழைய மாணாக்கருள் வைத்தியத் தொழிலிலும் அரசாங்க உத்தியோகத்திலும் இருப்போரிடம் இரண்டு வேண்டுகின்றோம். குளத்தில் நீராடிய பின்னர்க் கடுங்காய்ச்சலும் தலைவலியும் கழுத்துப் பிடிப்பும் கண்ட சிறுவனது முதுகுத்தண்டு நீரின் ஒரு துளியை ஆறவிடாது அப்பொழுதே பூதக்கண்ணாடியின்கீழ் நோக்குவாராக. நெக்ளேரியா ஊர்ந்து செல்வது அங்கே கண்ணாரக் காணக்கூடியது. நாம் முதலாண்டிற் கற்ற வித்தை அதுவே. மற்றொன்று, எல்லைப்புறத்து ஜில்லா ஆஸ்பத்திரிகளில் மில்ட்டெபோஸினை முன்னரே வாங்கி வைக்குமாறு அரசாங்கத்தாரைக் கேட்பாராக. கருங்காய்ச்சலுக்கு வயது வந்த ஒருவர்க்கு நாளொன்றுக்கு மூன்று வீதம் 28 நாளைக்கு 84 கேப்சூல்கள் கொடுப்பர். அக்கணக்கிற் பத்துப் பேருக்கு வேண்டுவது 840. ஒரு சிறு அலமாரியின் ஒரு தட்டு அதற்குப் போதும்.