புது மருமகள் செய்த குற்றம்

நமது வீடுகளில் ஒரு பழைய நியாய சாஸ்திரம் உண்டு. மருமகள் வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் மாமனார் காலமாகிவிட்டால், அதற்குக் காரணம் அவருக்கு இருபது வருஷங்களாக இருந்த சர்க்கரை வியாதி அல்ல; மருமகள் அடியெடுத்து வைத்த வேளை. பசு பால் வற்றினாலும், கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கினாலும், மைத்துனனுக்கு வர வேண்டிய உத்தியோகம் தட்டிப் போனாலும் குற்றவாளி ஒருத்திதான். அவள் கடைசியாக வந்தவள். அவள் வந்த பிறகுதான் இவையெல்லாம் நடந்தன. வேறு சாட்சியம் எதற்கு?

இந்தச் சாஸ்திரத்தை நாம் விட்டொழித்துவிட்டதாக மேடைகளில் பேசிக் கொள்கிறோம். விட்டொழிக்கவில்லை. இப்போதெல்லாம் மருமகள் பதில் சொல்லிவிடுகிறாள். ஆகவே பதில் சொல்லத் தெரியாத ஒரு ஜடத்தின் மேல் அதே சாஸ்திரத்தைப் பிரயோகிக்கிறோம். லேப்டாப் பேட்டரி நிற்காமல் போனால், புதிதாக ஏற்றிய ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கூண்டில் நிறுத்துகிறோம்.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ லேப்டாப் பழுது பார்க்கும் கடை எதிலாவது ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். இந்தச் சம்பாஷணை காதில் விழாமல் இராது:

"அண்ணே, அப்டேட் போட்டதுல இருந்து சார்ஜே நிக்கலண்ணே. முன்னாடி ரெண்டு மணி நேரம் வரும். இப்ப இருபது நிமிஷத்துல பொட்டுனு அணைஞ்சு போவுது."

"அது எல்லாருக்கும் அப்படித்தாம்பா. அந்த அப்டேட்டே சரியில்ல. பழசையே திரும்பப் போட்டு விட்டுர்றேன், சாயங்காலம் வா."

கேட்டவருக்குத் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. சாயங்காலம் பழைய சிஸ்டம் மறுபடியும் குடியேறுகிறது. கூலி கைமாறுகிறது. இரண்டு நாள் கழித்து அதே இருபது நிமிஷத்தில் அதே லேப்டாப் அணைகிறது. வியாதிக்காரனுக்குச் சட்டையை மாற்றி அனுப்பிய வைத்தியம் இது! எல்லாக் கடைக்காரர்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. முதல் காரியமாகப் பேட்டரியைச் சோதித்துப் பார்க்கிற யோக்கியர்களும் இந்த இரண்டு ஊர்களிலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வதைக் கேட்க நமக்குப் பிடிப்பதில்லை. "பேட்டரி செத்துப் போச்சு சார்" என்றால், புதுப் பேட்டரியை விற்கப் பார்க்கிறான் என்று சந்தேகப்படுகிறோம். "அப்டேட்தான் காரணம்" என்றால், விஷயம் தெரிந்த ஆள் என்று மெச்சுகிறோம்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த மயக்கம் எனக்கு நன்றாகப் பரிச்சயமானது. 'பிறகு' என்ற சொல்லை 'அதனால்' என்று வாசகரை எண்ண வைப்பதுதான் எங்கள் தொழிலின் பாதி சாமர்த்தியம். கதையில் அது நடக்கும். வாழ்க்கையில் 'பிறகு' என்பதற்கும் 'அதனால்' என்பதற்கும் இடையே உள்ள தூரம், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள நாற்பது கிலோ மீட்டரைவிட அதிகம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை, பனைமரம் மிகுந்த இந்த ஜில்லாக்காரர்களுக்கு வெளியூரான் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பழுத்த பழம் விழத்தான் செய்யும். காக்கை வேறு மரத்தில் உட்கார்ந்திருந்தாலும் விழுந்திருக்கும்.

இந்த வழக்கு உலகத்துக்குப் புதிதல்ல. 2009-ஆம் வருஷம் அக்டோபர் 22-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸ் 7 என்ற சிஸ்டத்தை வெளியிட்டது. எக்ஸ்பியிலிருந்தும் விஸ்டாவிலிருந்தும் அதற்கு மாறிய பலருடைய திரையில், பேட்டரியை மாற்றுவது பற்றி யோசியுங்கள் என்று ஓர் எச்சரிக்கை தோன்றிற்று. நேற்று வரை நன்றாக இருந்த பேட்டரியை விண்டோஸ் 7 கெடுத்துவிட்டது என்று பல தேசங்களிலும் கூக்குரல் எழுந்தது. அந்தக் கம்பெனியில் விண்டோஸ் பகுதிக்குத் தலைவராக இருந்த ஸ்டீவன் சினோஃப்ஸ்கி 2010 பிப்ரவரியில் நீண்ட பதில் ஒன்று எழுதினார். அதன் சாரம் இதுதான்: பழைய சிஸ்டங்களில் இந்த எச்சரிக்கை வசதியே கிடையாது. விண்டோஸ் 7-தான் முதன்முதலாகப் பேட்டரியின் நிலையைப் படித்துச் சொல்கிறது. புகார் வந்த பேட்டரிகள் உண்மையிலேயே தேய்ந்தவை.

அதாவது, மாமனாருக்கு உடம்பு சரியில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று முதன்முதலில் வாய் திறந்து சொன்னவள் புது மருமகள். அவள் சொன்ன பிறகுதான் வியாதி தெரிந்தது. ஆகவே வியாதியைக் கொண்டு வந்தவள் அவளே! உண்மையைச் சொன்னவளுக்கு நமது உலகம் எப்போதும் கொடுக்கிற சன்மானம் அது.

சரி, பேட்டரி ஏன் தேய்கிறது? லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. ஒவ்வொரு தடவை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் உள்ளே நடக்கிற ரசாயன மாறுதலில் ஒரு சிறு பகுதி மீளாமல் போகிறது. சாதாரணமாகச் சில நூறு முழுச் சுற்றுகள் ஓடிய பிறகு அதன் கொள்ளளவு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்துவிடும். உபயோகிக்காமல் பெட்டியில் பூட்டி வைத்தாலும் வயது ஏறிக் கொண்டுதான் இருக்கும். இந்த மூப்பை விரட்டி விரட்டி வளர்ப்பவை இரண்டு. ஒன்று உஷ்ணம், மற்றொன்று எப்போதும் நூறு சதவீதம் நிரப்பியே வைத்திருப்பது. கத்திரி வெயிலில் விழுப்புரத்து மாடி அறையில், மெத்தையின் மேல் காற்றுத் துளைகள் அடைபட, இரவு பகலாகச் சார்ஜரைச் செருகியபடியே லேப்டாப்பை வைத்திருக்கிறோம். இந்த இரண்டு விருந்தையும் நாமே தினம் படைத்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை ஏற்றிய அப்டேட்டின் மேல் பிராது கொடுக்கிறோம்.

பேட்டரிக்குள்ளேயே ஒரு சிறு மின்சுற்று கணக்குப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பிறந்தபோது இந்தப் பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு, இன்று முழுதாக நிரப்பினால் எவ்வளவு என்ற இரண்டு கணக்கையும் அது வைத்திருக்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் அந்தக் கணக்கைப் படிக்கிறது. கணக்குப்பிள்ளையும் சில சமயம் தப்புக் கணக்குப் போடுவான் என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லுகிறவன் நீதிபதி அல்ல, வம்பளக்கிறவன்.

"அப்படியானால் அப்டேட் எந்தக் காலத்திலும் குற்றமே செய்யாதா? கம்பெனிக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறீரா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

அப்டேட்டும் குற்றம் செய்யும். பெரிய மாற்றம் ஒன்று ஏறியவுடன், உள்ளே உள்ள கோப்புகளையெல்லாம் மறுபடி வரிசைப்படுத்துகிற வேலை திரைக்குப் பின்னால் நடக்கும். ஓரிரு நாள் பேட்டரி வேகமாக இறங்கும். பிறகு தானே சரியாகிவிடும். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் ஏற்பாடுகள் கலைந்து போவதும் உண்டு. அதற்கு அடுத்த திருத்தம் வர வேண்டும். இவை நிஜமான குறைகள். ஆனால் இவற்றுக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. நிரம்பிய பேட்டரி சீக்கிரம் காலியாகும்; பேட்டரியின் கொள்ளளவு குறைந்திராது. பானை ஓட்டையா, பானையே சிறுத்துவிட்டதா என்ற வித்தியாசம் அது.

இதைவிடப் பெரிய குற்றமும் ஒன்று நடந்திருக்கிறது. அது லேப்டாப்பில் அல்ல, டெலிபோனில். 2017 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனி தன் ஐபோன்களுக்கு ஓர் அப்டேட்டை அனுப்பிற்று. தேய்ந்த பேட்டரி உள்ள போன்கள் திடீரென்று அணைந்து போவதைத் தடுக்க, அவற்றின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. காரணம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் போனின் சொந்தக்காரரிடம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. போன் மந்தமாகிவிட்டது, இனிப் புதிது வாங்க வேண்டும் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்! வெளியார் சோதித்து விஷயத்தைக் கிளப்பிய பிறகு, அந்த வருஷம் டிசம்பரில் கம்பெனி ஒப்புக் கொண்டது. 28-ஆம் தேதி மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பிரெஞ்சு தேசத்து அதிகாரிகள் 2020 பிப்ரவரியில் 25 மில்லியன் யூரோ அபராதம் விதித்தார்கள். எதற்காக? வேகத்தைக் குறைத்ததற்காக அல்ல. குறைத்ததைச் சொல்லாமல் இருந்ததற்காக.

இந்த இரண்டு வழக்குகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு சிஸ்டம் பேட்டரி கெட்டதைச் சொல்லிற்று, அதை வைதார்கள். இன்னொன்று பேட்டரி கெட்டதை மறைத்தது. அதை ஏறக்குறைய ஒரு வருஷம் யாரும் சந்தேகிக்கவில்லை. நமது கோபம் எப்போதும் தப்பான விலாசத்துக்கே போய்ச் சேருகிறது என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? கோபப்படாதீர்கள் என்பது என் கட்சி அல்ல. மாற்றத்தின் மேல் கோபப்படாமல் மறைப்பின் மேல் கோபப்படுங்கள் என்பதே என் கட்சி.

தப்பான கோபத்தினால் என்ன நஷ்டம் என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. "அப்டேட் போட்டால் பேட்டரி போய்விடும்" என்று நம்புகிறவர் அடுத்த காரியமாக அப்டேட்டையே நிறுத்தி வைக்கிறார். திருட்டுக்குப் பயப்படாமல் கதவுத் தாழ்ப்பாளுக்குப் பயப்படுகிற விவேகம் அது! 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. அதைப் போட்டுக் கொள்ளாத கம்ப்யூட்டர்களில் இரண்டே மாதத்தில், மே 12-ஆம் தேதி, வான்னாக்ரை என்ற கிருமி புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இப்போது நம் ஊர்களிலும் அதே அபாயம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்குச் சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பேட்டரியைக் காரணம் காட்டிப் பழைய சிஸ்டத்துக்கே திரும்புகிறவர், தம் பாங்குக் கணக்கையும் பெண்ணின் சர்ட்டிபிகேட்டுகளையும் தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் வைக்கிறார்.

இதைவிட என் மனசைச் சுடுகிற நஷ்டம் ஒன்று உண்டு. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி முதல் தமிழ்நாட்டு அரசாங்கம் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கிற்று. வீட்டில் புஸ்தக அலமாரிகூட இல்லாத பிள்ளைகள் கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரர்களானார்கள். சிறிய காரியமல்ல அது. அந்த லேப்டாப்புகளில் எத்தனையோ இன்று பரணில் தூங்குகின்றன. எல்லாம் கெட்டுப் போனவையல்ல. பேட்டரி ஒன்று செத்ததும், "சிஸ்டமே போச்சு" என்று யாரோ சொன்ன தீர்ப்பை நம்பித் துணி சுற்றி ஏற்றப்பட்டவையும் அவற்றில் உண்டு. மரக்காணத்துப் பக்கம் உப்பளத்தில் உழைக்கிற ஒருவருடைய மகளுக்கு அந்தத் தீர்ப்பு வெறும் பேட்டரிச் சமாசாரமல்ல. திண்டிவனத்தில் படிக்கிற அவளுடைய மூன்று வருஷப் படிப்பில் ஒரு கை முறிவது போல.

ஆகவே, என்ன செய்ய வேண்டும்? முதலில் எண்ணைக் கேளுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரே பேட்டரி அறிக்கை தரும். கடைக்காரரிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் காட்டுவார். அதில் பிறந்தபோது இருந்த கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் இருக்கும். இன்றையது பாதிக்கும் கீழே என்றால் வியாதி பேட்டரிக்கு. இரண்டும் நெருங்கி இருந்தால், அப்போது அப்டேட்டைத் தாராளமாகச் சந்தேகியுங்கள். பேட்டரி உப்பி, விசைப்பலகை மேலெழும்பி இருந்தால் விசாரணையே வேண்டாம். உடனே உபயோகத்தை நிறுத்துங்கள். அது தீப்பிடிக்கக் கூடிய சாமான்.

இரண்டாவது, கம்பெனியைக் கேளுங்கள். முன்பெல்லாம் லேப்டாப்பின் அடியில் இரண்டு தாழ்களை நகர்த்தினால் பேட்டரி கையோடு வந்துவிடும். இன்று மெலிவு என்ற மோகத்துக்காக அதை உள்ளே வைத்துத் திருகி மூடிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய சட்டப்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, 2027 பிப்ரவரி 18 முதல் இத்தகைய சாதனங்களின் பேட்டரியை உபயோகிப்பவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். ஜெர்மானியனுக்குத் திறக்கிற மூடி திண்டிவனத்தானுக்கு மட்டும் ஏன் திறக்கக் கூடாது? நமது 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்குகிற பொருளின் தரத்தைப் பற்றித் தெரிந்து கொள்ளும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. வசிக்கிற ஜில்லாவிலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது. திண்டிவனத்தார் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, விழுப்புரத்துக்கு வந்தால் போதும்.

மூன்றாவது, சர்க்காரைக் கேளுங்கள். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். சந்தோஷம். இப்படி மொத்தமாக வாங்குகிறவன் பேரம் பேச முடியும். இத்தனை வருஷங்களுக்கு இதே பேட்டரி, நியாய விலையில், ஒவ்வொரு ஜில்லாத் தலைநகரிலும் கிடைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன கஷ்டம்? பசுவைத் தானம் கொடுப்பவன் புல்லுக்கும் வழி காட்டத்தான் வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்க நமக்குத் துணிவு வேண்டும். அதைவிட முக்கியமாக, யாரைக் கேட்பது என்ற தெளிவு வேண்டும். அகப்பட்டவனை வைவது சுலபம். பொறுப்பாளியைக் கேள்வி கேட்பதுதான் சிரமம். முன்னதை ஆயிரம் தடவை செய்தாலும் ஒரு பேட்டரிகூடப் பிழைக்காது.