சூலம் யாருடையது?

பக்கத்து வீட்டுப் பையன் எட்டாம் வகுப்பு. நாணயம் சேர்க்கிற பைத்தியம். தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கிற சித்தப்பா 1890-ம் வருஷத்து இங்கிலீஷ் பென்னி ஒன்று கொடுத்தாராம். தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"மாமா, இது எந்த ஊர் அம்மன்?"

வாங்கிப் பார்த்தேன். அமர்ந்த கோலம், கையில் சூலம், ஒரு பக்கம் கப்பல், ஒரு பக்கம் கலங்கரை விளக்கம். கடற்கரை அம்மன் என்று சொன்னால் எங்கள் ஆழ்வார்திருநகரியில் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்!

"அம்மன் இல்லேடா, பிரிட்டானியா. இங்கிலாந்தைப் பொம்பளையா வரைஞ்சிருக்கான். சூலம்கூட அவளோடது இல்லே. நெப்டியூன்னு ஒரு கடல் சாமியோடது. 1797 பென்னியிலேயே இவ கைக்கு வந்துடுச்சு."

"சாமி சும்மா விட்டுச்சா?"

விட்டதே! கடலுக்குப் பட்டா மாற்றுவது அவ்வளவு சுலபம். லண்டன் 'பஞ்ச்' பத்திரிகையில் ஜான் டென்னியல் ஐம்பது வருஷம் அரசியல் கார்ட்டூன் போட்டார். பிரிட்டானியா அவருக்கு வீட்டு மனுஷி மாதிரி. ஒரு கண்ணில் பார்வை இல்லாத மனுஷன். 1893-ல் 'சர்' பட்டம் கிடைத்தது.

"நம்ம பக்கம் படம் போட ஆளில்லையா?"

இருந்தார்கள். 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். மூலதனம் பத்து லட்சம், பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. (பி.காம். புத்தி, கணக்கில்தான் நிற்கும்!) வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை வெட்டிக்கொண்டே போனது. கடைசியில் ஓசிப் பயணம், கையில் ஒரு குடையும் இனாம் என்பார்கள்.

அதே 1906-ல் சென்னையில் பாரதியாரின் 'இந்தியா' வாரப் பத்திரிகை. முதல் பக்கத்திலேயே அரசியல் படம். வரைந்த கை யாருடையது என்று ஊருக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகியிருக்கும்? 1908-ல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். பிறகுதான் குறைந்தது. 'இந்தியா'வின் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசனுக்கு ஐந்து வருஷம். பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். அங்கே படம் போட்டால் பட்டம், இங்கே ஜெயில்!

"நமக்குக் கடல் சாமி உண்டா மாமா?"

"வருணன்டா. நெய்தல் நிலத்துக்கு அவன்தான்னு தொல்காப்பியத்துலயே இருக்கு. அவன் கையில சூலம் இல்லே, பாசக்கயிறு."

பாசம்! அதனால்தான் ஏமாந்தோமோ?

சாயங்காலம் நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். பிரிட்டானியா சூலத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே தொப்பையும் மீசையுமாக வருணன், "எந்திரிம்மா, இது எங்க இடம்" என்கிறான். கீழே பையனின் பெயர், கொட்டை எழுத்தில், இனிஷியலோடு.

"பேர் போட்டா இப்பல்லாம் ஜெயில்ல போட மாட்டாங்கல்ல மாமா?"

அட்டைப்பட ஜோக்குக்காக ஒரு பத்திரிகை ஆசிரியரையே 1987-ல் சட்டசபை சிறைக்கு அனுப்பிய மாநிலமாயிற்றே இது... சொல்லவில்லை.

"மீசையை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடு" என்றேன்.